செண்ட் ஆஸ் அனுமதி கொடுத்த சில மணி நேரத்தில் தானாக மறைகிறது, ஃபுல் ஆக்சஸ் மட்டும் நிற்கிறது

பாயான்லெப்பாஸ்_வலை

வணக்கம். எங்களிடம் இருப்பது எக்ஸ்சேஞ்ச் சர்வர் 2019, சியூ15 (கியூமுலேட்டிவ் அப்டேட் 15). மெயில் சர்வர் பினாங்கில், பாயான் லெப்பாஸ் அலுவலகத்தில் இருக்கிறது. டொமைன் ஒன்றுதான். டொமைன் கண்ட்ரோலர் (டிசி, பயனர் கணக்குகளை வைத்திருக்கும் சர்வர்) மூன்று: கோலாலம்பூர் தலைமையகத்தில் இரண்டு, இங்கே ஒன்று. கிளவுடில் எதுவும் இல்லை.

கணக்குப் பிரிவுக்கு ஒரு ஷேர்டு மெயில்பாக்ஸ் உண்டு. ஆறு பேர் பயன்படுத்துகிறார்கள். மின்-இன்வாய்ஸ் கடிதங்கள் எல்லாம் அதன் பெயரில்தான் போக வேண்டும். இன்வாய்ஸில் தவறு இருந்தால் வாங்கியவர் நிராகரிக்கக் கேட்பதும் நாங்கள் ரத்து செய்வதும் 72 மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். அதனால் அரை நாள் பதில் போகாமல் நின்றாலும் பெரிய தொல்லை.

பிரச்சினை இதுதான். ஆறு பேருக்கும் ஃபுல் ஆக்சஸ் (பெட்டியைத் திறந்து பயன்படுத்தும் உரிமை), செண்ட் ஆஸ் (பெட்டியின் பெயரிலேயே அனுப்பும் உரிமை) இரண்டும் அட்மின் சென்டர் வழியாகக் கொடுத்தேன். பெட்டி திறக்கிறது, படிக்க முடிகிறது, அழிக்க முடிகிறது. அனுப்பவும் முடிகிறது. ஆனால் காலையில் கொடுத்த செண்ட் ஆஸ் சில நாள் மதியத்துக்குள் போய்விடுகிறது, சில நாள் சாயங்காலம் வரை தாக்குப்பிடிக்கிறது. அதன் பிறகு எல்லாருக்கும் ஒரே பதில்: குறிப்பிட்ட பயனர் சார்பாக அனுப்ப உங்களுக்கு அனுமதி இல்லை. கடிதம் திரும்பி வந்துவிடுகிறது. அட்மின் சென்டரில் போய்ப் பார்த்தால் செண்ட் ஆஸ் பட்டியல் காலி. ஃபுல் ஆக்சஸ் பட்டியலில் ஆறு பேரும் அப்படியே இருக்கிறார்கள்.

அவுட்லுக் புரொஃபைல் புதிதாகப் போட்டாயிற்று. ஐஐஎஸ் ரீசெட் செய்தாயிற்று. அனுமதியை எடுத்து மறுபடி கொடுப்பதை நான்கு நாளாகத் தினமும் செய்கிறேன். வேறு யாரும் நீக்கவில்லை, அட்மின் உரிமை உள்ள மூவரையும் கேட்டுவிட்டேன். மற்ற ஷேர்டு மெயில்பாக்ஸ்களில் இந்தத் தொல்லை இல்லை. எங்கே பார்ப்பது?

லெபோபசார்

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். அனுமதி கொடுத்ததும் வேலை செய்யாமல், பிறகு தானாக வேலை செய்தால் அது கேஷ். எக்ஸ்சேஞ்ச் ஸ்டோர் மெயில்பாக்ஸ் விவரங்களைத் தன்னிடம் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் வரைக்கும் பழையதையே பார்க்கும். இன்ஃபர்மேஷன் ஸ்டோர் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் உடனே புதியதைப் படிக்கும், ஆனால் அந்த சர்வரில் உள்ள எல்லாருடைய இணைப்பும் அறுந்துபோகும் என்பதால் வேலை நேரத்தில் அதைத் தொடாதீர்கள். உங்களுடையது நேர்மாறு: வேலை செய்துகொண்டிருந்தது நிற்கிறது, பட்டியலே காலியாகிறது. ஆகவே கேஷ் இல்லை.

டினை (மறுப்பு) பதிவு இருக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். கெட்-மெயில்பாக்ஸ்பர்மிஷன் போட்டால் டினை என்ற பத்தியில் ட்ரூ என்று சில வரிகள் வரும். டொமைன் அட்மின்ஸ், எண்டர்பிரைஸ் அட்மின்ஸ், ஆர்கனைசேஷன் மேனேஜ்மெண்ட் ஆகியவற்றுக்கு அப்படி வருவது இயல்பு, மேலிருந்து இறங்கி வரும் மறுப்பு அது. பலர் அதைப் பார்த்துப் பயந்து அழிக்கப் போகிறார்கள், வேண்டாம். மேலிருந்து இறங்கும் மறுப்பை நேரடியாகக் கொடுத்த அனுமதி வென்றுவிடும். நேரடியாகப் போட்ட மறுப்பு மட்டும்தான் எல்லாவற்றையும் வெல்லும். இஸ்-இன்ஹெரிட்டட் என்ற பத்தி ஃபால்ஸ், டினை ட்ரூ என்று ஒரே வரியில் இருந்தால் மட்டும் அதை எடுங்கள்.

ஜாலான்ஈப்போ

சகோதரி, நீங்கள் எழுதியதிலேயே விடை பாதி இருக்கிறது: ஃபுல் ஆக்சஸ் நிற்கிறது, செண்ட் ஆஸ் மட்டும் போகிறது. அட்மின் சென்டரில் மூன்று அனுமதியும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்துத் தெரிவதால் ஒரே இடத்தில் இருப்பதாக நினைத்துவிடுகிறோம். அப்படி இல்லை.

ஃபுல் ஆக்சஸ் என்பது மெயில்பாக்ஸின் சொந்தப் பாதுகாப்புப் பட்டியலில் எழுதப்படுகிறது. செண்ட் ஆன் பிஹாஃப் (சார்பாக அனுப்பும் உரிமை) என்பது ஆக்டிவ் டைரக்டரியில், அதாவது பயனர் கணக்குகளின் பதிவேட்டில், அந்தக் கணக்கின் பப்ளிக்-டெலிகேட்ஸ் என்ற புலத்தில் வெறும் பெயர்ப் பட்டியலாக உட்காருகிறது. செண்ட் ஆஸ் மட்டும் ஆக்டிவ் டைரக்டரியில் அந்தக் கணக்குப் பொருளின் பாதுகாப்புப் பட்டியலுக்குள், அதாவது என்டி-செக்யூரிட்டி-டிஸ்கிரிப்டர் என்ற புலத்தில் எழுதப்படுகிறது. ஆகவே செண்ட் ஆஸ் மட்டும் தொலைகிறது என்றால் எக்ஸ்சேஞ்சைத் தோண்டுவதில் பலன் இல்லை. யாரோ ஒருவர், அல்லது ஏதோ ஒன்று, அந்தக் கணக்கின் பாதுகாப்புப் பட்டியலை மாற்றி எழுதுகிறது.

அந்த ஏதோ ஒன்று பெரும்பாலும் எஸ்டி-ப்ராப் என்ற தானியங்கி வேலை. டொமைன் அட்மின்ஸ், அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ், அக்கவுண்ட் ஆபரேட்டர்ஸ், சர்வர் ஆபரேட்டர்ஸ், பேக்கப் ஆபரேட்டர்ஸ், பிரிண்ட் ஆபரேட்டர்ஸ் போன்ற பாதுகாக்கப்பட்ட குழுக்களில் இருக்கும் கணக்குகளை ஆக்டிவ் டைரக்டரி தனியாகக் காவல் காக்கிறது. பிடிசி எமுலேட்டர் என்ற தனிப்பொறுப்பில் இருக்கும் டொமைன் கண்ட்ரோலரில் 60 நிமிடத்துக்கு ஒரு முறை அந்த வேலை ஓடும். ஒவ்வொரு கணக்கின் பாதுகாப்புப் பட்டியலையும் அட்மின்-எஸ்டி-ஹோல்டர் என்ற மாதிரிப் பொருளோடு ஒப்பிடும். வேறுபட்டால் மாதிரியில் உள்ளதை அப்படியே எழுதி, மேலிருந்து இறங்கும் அனுமதிகளையும் துண்டித்துவிடும். நீங்கள் கொடுத்த செண்ட் ஆஸ் அதில் அடிபடுகிறது.

நேரம் ஏன் நாளுக்கு நாள் மாறுகிறது என்பதற்கும் இதுவே காரணமாக இருக்கும். எக்ஸ்சேஞ்ச் தன் சைட்டில் உள்ள டொமைன் கண்ட்ரோலரைத்தான் முதலில் நாடும், ஆகவே உங்கள் அனுமதி பினாங்கு டிசியில் எழுதப்படுகிறது. பிடிசி எமுலேட்டர் கோலாலம்பூரில் இருந்தால், அது அங்கே போய்ச் சேர வேண்டும். சைட் லிங்க்கின் (இரு அலுவலக டிசிகளும் மாற்றங்களைப் பரிமாறும் இணைப்பு) இடைவெளியை யாரும் குறைக்கவில்லை என்றால் அது 180 நிமிடம். போக மூன்று மணி நேரம் வரை, அங்கே எஸ்டி-ப்ராப் வந்து துடைக்க ஒரு மணி நேரம் வரை, துடைத்தது பினாங்குக்குத் திரும்ப இன்னொரு மூன்று மணி நேரம் வரை. அதிர்ஷ்டம் இருந்தால் ஏழு மணி நேரம் தாங்கும், இல்லாவிட்டால் பசியாறிவிட்டு வருவதற்குள் போய்விடும்.

ஊகமாக விட வேண்டாம், சோதித்துவிடலாம். கட்டளைகளை ஒலிப்படி எழுதுகிறேன், நீங்கள் தட்டச்சு செய்யும்போது ஆங்கிலத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்று: கெட்-ஏடியூசர், அந்தக் கணக்கின் பெயர், ப்ராப்பர்ட்டீஸ் அட்மின்-கவுண்ட். விடை 1 என்று வந்தால் அந்தக் கணக்கு எப்போதோ காவலுக்குள் வந்திருக்கிறது.

இரண்டு: ரெப்-அட்மின், ஷோ-ஆப்ஜ்-மெட்டா, டிசியின் பெயர், கணக்கின் முழு டிஎன் (டைரக்டரியில் அதன் முழு முகவரி). வரும் பட்டியலில் என்டி-செக்யூரிட்டி-டிஸ்கிரிப்டர் வரியைத் தேடுங்கள். கடைசியாக எந்த டிசியில் மாற்றம் பிறந்தது, எத்தனை மணிக்கு, எத்தனையாவது பதிப்பு என்று மூன்றும் அங்கேயே இருக்கும். அனுமதி கொடுத்ததும் ஒரு முறை, மறைந்த பிறகு ஒரு முறை எடுத்துப் பாருங்கள். பிறந்த இடம் பினாங்கிலிருந்து கோலாலம்பூர் பிடிசிக்கு மாறியிருந்தால் ஆளைப் பிடித்தாயிற்று. அந்த பிடிசியின் செக்யூரிட்டி லாக்கில் அதே நேரத்தில் 4780 என்ற நிகழ்வும் இருக்க வேண்டும், தணிக்கை திறந்து வைத்திருந்தால்.

இன்னொரு கேள்வி: அந்த ஷேர்டு மெயில்பாக்ஸ் முதலிலிருந்தே ஷேர்டாக உண்டாக்கியதா, பழைய பயனர் கணக்கை மாற்றியதா?

பாயான்லெப்பாஸ்_வலை

அண்ணே, மிக்க நன்றி. நீங்கள் சொன்னபடியேதான் இருக்கிறது.

அட்மின்-கவுண்ட் 1. காலை 9.10க்கு அனுமதி கொடுத்ததும் எடுத்த மெட்டாவில் பதிப்பு 41, பிறந்த இடம் பினாங்கு டிசி. மதியம் 1.40க்கு அனுமதி போன பிறகு எடுத்ததில் பதிப்பு 42, பிறந்த இடம் கோலாலம்பூர் முதல் டிசி, நேரம் 11.52. நெட்-டாம் குவெரி எஃப்எஸ்எம்ஓ போட்டுப் பார்த்தேன், பிடிசி எமுலேட்டர் அதுவேதான். 4780 நிகழ்வும் 11.52க்கு இருக்கிறது. சைட் லிங்க் இடைவெளி 180.

மெயில்பாக்ஸ் பற்றி: அது பழைய பயனர் கணக்கு. முன்பு பிரிண்டர் சர்வர் வேலைக்கும் ஸ்கேன் கடிதம் அனுப்பவும் பயன்பட்டது, பிறகு ஷேர்டாக மாற்றப்பட்டிருக்கிறது. ஆனால் மெம்பர்-ஆஃப் பட்டியலில் பாதுகாக்கப்பட்ட குழு எதுவும் தெரியவில்லை. இரண்டு சாதாரண குழு மட்டும்தான்.

செபராங்பிறை

அட்மின்-எஸ்டி-ஹோல்டரிலேயே அந்த ஆறு பேருக்கும் செண்ட் ஆஸ் சேர்த்துவிடுங்கள். டிஎஸ்-ஏசிஎல்ஸ் கட்டளையில் ஒரே வரி. மாதிரியிலேயே இருந்தால் எஸ்டி-ப்ராப் ஒவ்வொரு முறையும் அதையே எழுதும், அனுமதி நிலைத்துவிடும். ஐந்து நிமிட வேலை, குழுக்களைத் தேடி அலைய வேண்டியதில்லை.

ஜாலான்ஈப்போ

தம்பி, வேலை செய்யும் என்பது உண்மை. ஆனால் செய்யவே கூடாது. அந்த மாதிரி ஒரு கணக்குக்கானது இல்லை, காவலில் உள்ள எல்லாக் கணக்குகளுக்கும் பொதுவானது. அதில் சேர்த்த அடுத்த ஒரு மணி நேரத்தில் கணக்குப் பிரிவில் உள்ள ஆறு பேரும் ஒவ்வொரு டொமைன் அட்மின் பெயரிலும் கடிதம் அனுப்பும் உரிமை பெற்றுவிடுவார்கள். அவர்களில் ஒருவருடைய பாஸ்வேர்டு கள்ளக் கடிதம் ஒன்றில் பறிபோனால், ஐடி நிர்வாகியின் பெயரிலேயே கம்பெனி முழுவதற்கும் கடிதம் போகும். பெறுபவருக்கு வேறுபாடு தெரியவே தெரியாது, செண்ட் ஆஸ் என்பதன் பொருளே அதுதான். ஒரு கதவு சரியாகச் சாத்தவில்லை என்பதற்காக வீட்டின் எல்லாப் பூட்டையும் ஒரே சாவிக்கு மாற்ற வேண்டாம்.

சகோதரி, மெம்பர்-ஆஃப் நேரடி உறுப்பினர் நிலையை மட்டும் காட்டும். குழுவுக்குள் குழு இருந்தால் காட்டாது, பிரைமரி குரூப்பையும் காட்டாது. எஸ்டி-ப்ராப் உள்ளடுக்கு எல்லாவற்றையும் கணக்கில் எடுக்கும். ஆகவே கெட்-ஏடிகுரூப்பில் எல்டாப்-ஃபில்டர் போட்டுத் தேடுங்கள்: அடைப்புக்குறிக்குள் மெம்பர், முக்காற்புள்ளி, 1.2.840.113556.1.4.1941, முக்காற்புள்ளி, சமக்குறி, பிறகு கணக்கின் டிஎன். அந்த நீண்ட எண்தான் எத்தனை அடுக்கு இருந்தாலும் மேலே ஏறிப் போய்த் தேடச் சொல்வது. பிரைமரி குரூப் ஐடி 513 ஆக இருக்கிறதா என்பதையும் பாருங்கள், அது டொமைன் யூசர்ஸ்.

பிரிண்டர் வேலைக்கு இருந்த கணக்கு என்கிறீர்கள். அந்த இரண்டு சாதாரண குழுவில் ஒன்று பிரிண்ட் ஆபரேட்டர்ஸுக்குள் இருக்கும் என்று நினைக்கிறேன்.

கண்டுபிடித்த பிறகு செய்ய வேண்டியது, இந்த வரிசையில். வரிசை மாறினால் ஒரு மணி நேரத்தில் பழைய நிலைக்கே திரும்பும்.

1. கணக்கை அந்தக் குழுவிலிருந்து எடுங்கள். கோலாலம்பூர் பிடிசியிலேயே செய்யுங்கள், எல்லாக் கட்டளையிலும் சர்வர் பெயராக அதையே கொடுங்கள். உள்ளே இருக்கும் குழுவையே பிரிண்ட் ஆபரேட்டர்ஸிலிருந்து எடுத்துவிட அவசரப்பட வேண்டாம். வேறு எதாவது சர்வீஸ் அதை நம்பி இருக்கலாம்.

2. அட்மின்-கவுண்ட் புலத்தை அழியுங்கள்: செட்-ஏடியூசர், கிளியர், அட்மின்-கவுண்ட். குழுவிலிருந்து எடுத்தாலும் இந்த 1 தானாகப் போகாது, அறுந்துபோன இன்ஹெரிட்டன்ஸும் (மேலிருந்து இறங்கும் அனுமதி) தானாக ஒட்டாது. பலர் முதல் படியோடு நிறுத்திவிட்டு, இன்னும் சரியாகவில்லையே என்று குழம்புவது இங்கேதான்.

3. ஆக்டிவ் டைரக்டரி யூசர்ஸ் அண்ட் கம்ப்யூட்டர்ஸில் வியூ மெனுவில் அட்வான்ஸ்டு ஃபீச்சர்ஸைத் திறந்து, கணக்கின் ப்ராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு. கீழே எனேபிள் இன்ஹெரிட்டன்ஸ் என்ற பொத்தான் இருக்கும், அதை அழுத்தி அப்ளை கொடுங்கள். டிஸேபிள் இன்ஹெரிட்டன்ஸ் என்று இருந்தால் ஏற்கெனவே திறந்திருக்கிறது என்று பொருள்.

4. இப்போது செண்ட் ஆஸ். எக்ஸ்சேஞ்ச் ஷெல்லில் ஆட்-ஏடிபர்மிஷன். ஐடென்டிட்டிக்கு மெயில்பாக்ஸின் பெயர் அல்லது டிஎன், யூசருக்கு ஆளின் பெயர், எக்ஸ்டெண்டட்-ரைட்ஸ் என்பதற்கு மேற்கோளுக்குள் செண்ட் ஆஸ், டொமைன்-கண்ட்ரோலர் என்பதற்கு பிடிசியின் பெயர். ஐடென்டிட்டியில் மெயில் முகவரியைக் கொடுத்தால் பொருள் கிடைக்கவில்லை என்று சொல்லும். கிளவுடில் பயன்படும் ஆட்-ரெசிபியண்ட்பர்மிஷன் உங்கள் சர்வரில் இருக்காது, இணையத்தில் பார்த்து அதை ஒட்டிப் பிழை வாங்குகிறவர்கள் நிறைய.

5. மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டாம். ரெப்-அட்மின், ரெப்ள்-சிங்கிள்-ஆப்ஜ், முதலில் பினாங்கு டிசி, அடுத்து கோலாலம்பூர் டிசி, கடைசியில் கணக்கின் டிஎன். அந்த ஒரு பொருளை மட்டும் இழுத்துவரும். போகும் இடம் முதலில், எடுக்கும் இடம் பிறகு, மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

6. ஒன்றரை மணி நேரம் விட்டு மறுபடி மெட்டா பாருங்கள். பதிப்பு எண் நகராமல் நின்றால் முடிந்தது.

இன்றே கடிதம் போக வேண்டும் என்றால், இதற்கெல்லாம் முன்னால் செட்-மெயில்பாக்ஸில் கிராண்ட்-செண்ட்-ஆன்-பிஹாஃப்-டு போட்டு ஆறு பேரையும் சேருங்கள். அது பாதுகாப்புப் பட்டியலுக்கு வெளியே உள்ள புலம் என்பதால் எஸ்டி-ப்ராப் தொடாது. பெறுபவருக்கு இன்னார் கணக்குப் பிரிவின் சார்பாக என்று தெரியும், அது ஒன்றுதான் குறை. ஆட் என்ற குறியோடு கொடுங்கள், வெறுமனே பெயரைக் கொடுத்தால் ஏற்கெனவே இருக்கும் பெயர்கள் அழிந்து புதியவை மட்டும் நிற்கும். இரண்டு அனுமதியும் உள்ளவருக்கு எக்ஸ்சேஞ்ச் செண்ட் ஆஸையே எடுத்துக்கொள்ளும், ஆகவே பிறகு எடுக்க மறந்தாலும் கெடுதல் இல்லை.

லெபோபசார்

அண்ணன் சொன்னதோடு ஒன்று. அட்மின்-கவுண்ட் 1 உள்ள எல்லாக் கணக்கையும் மெயில் முகவரியோடு ஒரு பட்டியல் எடுங்கள்: கெட்-ஏடியூசர், எல்டாப்-ஃபில்டர் அட்மின்-கவுண்ட் சமம் 1, ப்ராப்பர்ட்டீஸ் மெயில். இப்படி மாட்டிக்கொண்ட கணக்குகள் இன்னும் இருக்கும். ஐடி ஆட்கள் தங்கள் தினசரிக் கணக்கையே டொமைன் அட்மின்ஸில் வைத்திருந்தால் புதுக் கைபேசியில் மெயில் இணைக்கும்போதும் இதே காரணத்தால் சிக்கும். எக்ஸ்சேஞ்ச் அந்தக் கணக்கின் கீழே கைபேசிக்கென்று ஒரு பதிவை உண்டாக்க வேண்டும், இன்ஹெரிட்டன்ஸ் அறுந்திருப்பதால் முடியாது, ஆக்டிவ்-சிங்க் (கைபேசி மெயில் இணைப்பு) 1053 நிகழ்வு எழுதிவிட்டு நிற்கும். அதற்கும் இன்ஹெரிட்டன்ஸைத் திரும்பத் திரும்பத் திறப்பது மருந்து இல்லை. நிர்வாக வேலைக்குத் தனிக் கணக்கு, மெயிலுக்குத் தனிக் கணக்கு.

ஆறு பேருக்கும் தனித்தனியாகக் கொடுப்பதற்குப் பதில் மெயில் வசதியுள்ள யூனிவர்சல் செக்யூரிட்டி குரூப் ஒன்றுக்குக் கொடுக்கலாம், ஆள் மாறும்போது குழுவில் மட்டும் மாற்றினால் போதும். வெறும் டிஸ்ட்ரிபியூஷன் குரூப் ஆகாது. இரண்டு விஷயம் தெரிந்து செய்யுங்கள்: குழு வழியாக ஃபுல் ஆக்சஸ் பெற்றவருக்கு அவுட்லுக்கில் பெட்டி தானாக வந்து நிற்காது, கையால் சேர்க்க வேண்டும். குழுவில் புதிதாகச் சேர்ந்தவர் ஒரு முறை லாக்-ஆஃப் செய்து உள்ளே வர வேண்டும், பழைய கெர்பரோஸ் டிக்கெட் (லாகின் அடையாளச் சீட்டு) வழக்கமாக 10 மணி நேரம் உயிரோடு இருக்கும்.

பாயான்லெப்பாஸ்_வலை

முடிந்தது. அந்த நீண்ட எண் போட்டுத் தேடியதும் பிரிண்ட் ஆபரேட்டர்ஸ் வெளியே வந்தது. பழைய பிரிண்டர் குழு அதற்குள் இருந்தது, கணக்கு அந்தக் குழுவுக்குள் இருந்தது. வரிசைப்படி ஆறு படியும் செய்தேன். இன்ஹெரிட்டன்ஸ் திறந்ததும் 43, அனுமதிகள் கொடுத்து முடிந்ததும் 49. நேற்று மாலை 4 மணிக்கு 49, இன்று காலை 8.30க்கும் அதே 49. ஆறு பேரும் அனுப்புகிறார்கள்.

பட்டியலில் அட்மின்-கவுண்ட் 1 உள்ள இன்னும் மூன்று மெயில் கணக்கு கிடைத்தது, அவற்றையும் இதே வரிசையில் சரி செய்கிறேன்.

இரண்டு சின்னக் கேள்வி. அனுப்பிய கடிதம் அனுப்பியவரின் சொந்த செண்ட் ஐட்டம்ஸில் போய்விடுகிறது, மற்ற ஐவருக்குத் தெரிவதில்லை. அடுத்தது, செண்ட் ஆஸில் போனால் ஆறு பேரில் யார் அனுப்பினார் என்று பிறகு எப்படித் தெரிந்துகொள்வது?

ஜாலான்ஈப்போ

முதலாவதற்கு செட்-மெயில்பாக்ஸ், மெசேஜ்-காப்பி-ஃபார்-செண்ட்-ஆஸ்-எனேபிள்ட் (இதில் மட்டும் செண்ட் என்பது ஆங்கிலத்தில் Sent), ட்ரூ. பிஹாஃப் பயன்படுத்துகிறவர்கள் இருந்தால் மெசேஜ்-காப்பி-ஃபார்-செண்ட்-ஆன்-பிஹாஃப்-எனேபிள்ட் என்பதையும் ட்ரூ ஆக்குங்கள், இரண்டும் தனித்தனி. அனுப்பியவர் பெட்டியில் ஒரு பிரதி, ஷேர்டு பெட்டியில் ஒரு பிரதி என்று இரண்டு விழும், அதனால் பெட்டியின் கொள்ளளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். இன்வாய்ஸ் பிடிஎஃப்கள் சீக்கிரம் நிரப்பிவிடும்.

இரண்டாவதற்குத் தணிக்கையைத் திறக்க வேண்டும். உங்கள் மாதிரி சொந்த சர்வரில் அது இயல்பாக மூடியே இருக்கும். செட்-மெயில்பாக்ஸ், ஆடிட்-எனேபிள்ட் ட்ரூ, ஆடிட்-டெலிகேட் என்பதில் செண்ட்-ஆஸ், செண்ட்-ஆன்-பிஹாஃப், சாஃப்ட்-டிலீட், ஹார்ட்-டிலீட், மூவ்-டு-டிலீட்டட்-ஐட்டம்ஸ் எல்லாம் சேருங்கள். பதிவு 90 நாள் நிற்கும், வேண்டுமானால் ஆடிட்-லாக்-ஏஜ்-லிமிட் வழியாகக் கூட்டலாம். தேட சர்ச்-மெயில்பாக்ஸ்-ஆடிட்-லாக், லாகன்-டைப்ஸ் டெலிகேட், ஷோ-டீடெயில்ஸ். யார், எந்தக் கணினியிலிருந்து, எந்தத் தலைப்பு என்று வரும். திறப்பதற்கு முன் நடந்தது எதுவும் அதில் வராது, ஆகவே இன்றே திறந்துவிடுங்கள். வாடிக்கையாளர்களின் தனிப்பட்ட விவரங்கள் இருக்கும் பெட்டி இது. 2025 ஜூன் 1 முதல் தனிநபர் தரவு கசிந்தால் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்கு 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்றாகிவிட்டது. அந்த நேரத்தில் கையில் பதிவு இல்லாமல் நிற்பது மிகவும் கஷ்டம்.

கடைசியாக, எக்ஸ்சேஞ்ச் 2019க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. நீங்கள் சியூ15இல் இருப்பதால் சப்ஸ்கிரிப்ஷன் எடிஷனுக்கு அதே சர்வரிலேயே மேம்படுத்தலாம், பெட்டிகளை நகர்த்த வேண்டியதில்லை. மேம்படுத்துவதற்கு முன்னால் மீதி மூன்று கணக்கையும் முடித்துவிடுங்கள்.